தினமும் நாலு நிமிடம் குதிக்கிறேன், அது போதுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 41 வயது, ஐடி வேலை, காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பது. மூன்று மாதமாக ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு தினமும் நாலு நிமிடம் 'டபாட்டா' செய்கிறார். 20 வினாடி குதி, 10 வினாடி நில், இப்படி எட்டு முறை. ஜம்பிங் ஜாக், நின்ற இடத்திலேயே ஓட்டம், பஸ்கி, அப்புறம் குந்தி, தண்டால் நிலைக்குப் போய், எழுந்து குதிக்கிற பர்ப்பி. ஆரம்பத்தில் நன்றாக மூச்சு வாங்கியது, இப்போது அவ்வளவாக இல்லை, தொப்பை மட்டும் அசையவே இல்லை. இது போதுமா, ஏன் எடை குறையவில்லை, இந்த வயதில் இப்படிக் குதிப்பது இதயத்துக்கு ஆபத்தா என்று மூன்று கேள்விகள்.

முதல் கேள்விக்கு நேராகவே வருகிறேன். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட நீங்கள் செய்வது எவ்வளவோ மேல், அதை நிறுத்தாதீர்கள். ஆனால் அது டபாட்டா கிடையாது. சொல்லப்போனால் ஜிம்களில் 'ஹிட்' என்று சொல்கிற கடும் இன்டர்வல் பயிற்சியே, அதாவது கொஞ்ச நேரம் கடும் வேகம், கொஞ்ச நேரம் ஓய்வு என்று மாறிமாறிச் செய்வதே, கிடையாது. தினமும் செய்ய முடிகிறது, முடித்ததும் குளித்துவிட்டு லாகின் செய்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே சாட்சி. ஒழுங்கான இன்டர்வலைத் திங்கட்கிழமை செய்த நாற்பது வயதுக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை அதைத் திரும்பச் செய்ய மனசே வராது. மனசு வந்தாலும் கால் வராது.

டபாட்டா ஒரு ஆளின் பெயர். இசுமி டபாட்டா, ஜப்பானிய விளையாட்டு விஞ்ஞானி. அங்கே ஸ்பீடு ஸ்கேட்டிங் அணிக்கு, அதாவது பனித்தளத்தில் சறுக்கி ஓடுகிற பந்தயக்காரர்களுக்கு, இரிசாவா கோஇச்சி என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். இந்த 20-10 கணக்கு அவர் தன் வீரர்களுக்குக் கொடுத்து வந்தது. இது உண்மையில் என்ன செய்கிறது என்று அளந்து சொல்லுங்கள் என்று டபாட்டாவிடம் கேட்டார், அவர் அளந்தார், 1996இல் கட்டுரை வந்தது, பெயர் அளந்தவருக்கு ஒட்டிக்கொண்டது. சமைத்தவர் ஒருவர், பேர் வாங்கியவர் இன்னொருவர். டபாட்டா பாவம், இது என் கண்டுபிடிப்பு இல்லை என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆய்வில் என்ன நடந்தது என்று கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. ஏனென்றால் ஆப்காரர்கள் எடுத்துக்கொண்டது கடிகாரத்தை மட்டும்தான். கியூஷு தீவின் தெற்குக் கோடியில் கனோயா என்ற ஊரில் உள்ள உடற்கல்விக் கல்லூரி மாணவர்கள், எல்லாரும் இருபதுகளில் இருந்த ஆண்கள், ஏற்கெனவே விளையாட்டில் ஊறினவர்கள். அவர்களைக் குதிக்கச் சொல்லவில்லை. நகராத சைக்கிளில் ஏற்றினார்கள். சைக்கிளின் சுமை அவரவருடைய உச்ச ஆக்சிஜன் திறனைப்போல 170 சதவீதம். 170 என்றால் என்ன? ஒருவர் மூச்சும் ரத்தமும் தாங்குகிற உச்சத்தில் மிதித்தால் 250 வாட் வருகிறது என்று வையுங்கள், இங்கே அவர் 425 வாட் மிதிக்க வேண்டும். நிமிடத்துக்கு 90 சுற்று. சுற்று 85க்குக் கீழே போனால் அத்தோடு இறக்கிவிடுவார்கள். ஏழாவது எட்டாவது முறையில் கால் நின்றுபோக வேண்டும் என்பதுதான் ஏற்பாடே; ஒருவரால் ஒன்பதுக்கு மேல் போக முடிந்தால், சபாஷ் என்று தட்டிக்கொடுக்க மாட்டார்கள், அடுத்த முறை சுமையைக் கூட்டிவிடுவார்கள். அப்புறம் இன்னொன்று, மிதிக்கத் தொடங்கும் முன் பத்து நிமிடம் வார்ம்-அப் உண்டு. ஆக அந்த 'நாலு நிமிட'ப் பயிற்சி கதவைத் திறந்து உள்ளே போய் வெளியே வருவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிடும். வாரம் ஐந்து நாள் வந்தார்கள், அதில் ஒரு நாள் அரை மணி நேரம் மிதமான சைக்கிளும் கொஞ்சம் இன்டர்வலும்.

ஆறு வாரம் கழித்து அந்தக் குழுவின் உச்ச ஆக்சிஜன் திறன், ஓட்டக்காரர்கள் வி.ஓ.2 மேக்ஸ் என்று சொல்வது, கிலோவுக்கு நிமிடத்துக்கு 48 மில்லிலிட்டரிலிருந்து 55க்கு ஏறியது. ஆக்சிஜன் பற்றாத நேரத்தில் தசை தாக்குப்பிடிக்கும் திறன் 28 சதவீதம் கூடியது. பக்கத்தில் இன்னொரு குழு வாரம் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், 70 சதவீத வேகத்தில் மிதித்தது. அவர்களுக்கும் ஆக்சிஜன் திறன் 53இலிருந்து 58க்கு ஏறத்தான் செய்தது, இரண்டாவது சங்கதிதான் அசையவில்லை. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. 'ஒரு மணி நேரம் ஓடுவது வீண், நாலு நிமிடம் போதும்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதே கட்டுரையைத்தான் காட்டுவார்கள். கொழுப்பு கரைந்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை.

நான் ஒரு தடவை அதைச் சரியாகச் செய்து பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஆட்களை ஓடவைக்கிறவன், நாமே செய்யாததை மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாதே என்று. நண்பர் ஒருவரின் ஜிம்மில் வாட் காட்டுகிற சைக்கிள் இருந்தது, அவர் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் இரண்டு முறை சிரித்துக்கொண்டே மிதித்தேன், இதற்கா இவ்வளவு பேச்சு என்று. மூன்றாவதில் சிரிப்பு போயிற்று. நாலாவதில் தொடைக்குள் யாரோ சுடுதண்ணீர் ஊற்றுவதுபோல் இருந்தது. அதற்கு மேல் வேடிக்கை என்னவென்றால் அந்த 10 வினாடி ஓய்வு சுருங்கிக்கொண்டே போகும், ஒரு மூச்சை முழுதாக இழுத்து விடுவதற்குள் 'ம், போ' என்பார். ஆறாவதில் வாயில் இரும்பு ருசி. ஏழாவதின் பாதியில் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது, நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. இறங்கி ரப்பர் பாயில் மல்லாந்து படுத்தவன் எழுந்து உட்காரவே சில நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகு குளித்துவிட்டு லாகின் செய்வதா, சட்டை பித்தானையே போட வரவில்லை.

ஜம்பிங் ஜாக் அடித்து இந்த இடத்துக்கு வர முடியாது. ஏன் என்றால் அதில் சுமை கிடையாது, உங்கள் கை கால் எவ்வளவு வேகமாக அசைய முடியுமோ அவ்வளவுதான் வேலை. மூன்று மாதத்தில் உடம்பு அதற்குப் பழகிவிடும், நீங்கள் சொல்வதுபோல் மூச்சு வாங்காமல் போவது அதனால்தான். பர்ப்பியில் கஷ்டம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் அதில் இதயம் களைப்பதற்கு முன் தோளும் மணிக்கட்டும் களைத்துவிடும், நாலாவது சுற்றில் இடுப்பு தொய்ந்து நெஞ்சு தரையில் மோதும். முதுகுவலி வருகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பலரும் எதை எப்படிச் செய்தார்கள் என்று காட்டச் சொன்னால் பர்ப்பியைத்தான் காட்டுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பணக் கணக்காகச் சொன்னால் புரிந்துவிடும். தசைக்குச் சட்டைப்பையில் கொஞ்சம் சில்லறை இருக்கிறது, கிரியேட்டின் பாஸ்பேட் என்று பேர், எடுத்தவுடன் செலவழிக்கலாம், ஆனால் முழுவேகத்தில் பத்து வினாடி வாக்கில் தீர்ந்துவிடும். அடுத்தது கைமாற்று. தசையில் சேர்த்துவைத்த சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துச் சக்தி எடுப்பது. சட்டென்று கிடைக்கும், ஆனால் கடன், தொடை எரிகிறதே அது கடன்காரன் கதவைத் தட்டுகிற சத்தம். மூன்றாவது மாதச் சம்பளம். மூச்சு, இதயம், ரத்தம், தசைக்குள் சக்தி தயாரிக்கிற குட்டி ஆலைகளான மைட்டோகாண்ட்ரியா எல்லாம் சேர்ந்து நிதானமாக, ஆனால் தீராமல் கொடுப்பது. நடக்கும்போது சம்பளத்திலேயே வாழ்கிறீர்கள். கடும் இன்டர்வலில் சில்லறை தீர்ந்து, கைமாற்றும் வாங்கி, சம்பளத்தையும் கடைசிப் பைசா வரை இழுக்கிறீர்கள், ஓய்வு குறைவாக இருப்பதால் சில்லறை திரும்பச் சேர்வதற்குள் அடுத்த செலவு வந்துவிடுகிறது. இந்த நெருக்கடி அடிக்கடி வந்தால் உடம்பு சம்பளத்தை உயர்த்திக்கொள்ளப் பார்க்கும். மைட்டோகாண்ட்ரியா பெருகும், ரத்தத்தின் அளவு கூடும், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளுகிற ரத்தம் கூடும். நெருக்கடியே இல்லாத நாலு நிமிடத்துக்கு உடம்பு எதற்கு மெனக்கெட வேண்டும்?

லாக்டிக் ஆசிட் தேங்கி மறுநாள் கால் வலிக்கிறது என்பார்கள், அதை விட்டுத்தள்ளுங்கள். லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும், இதயமே அதை எரித்துத் தின்னும். மறுநாள் வலி தசை நார்களில் ஏற்படுகிற நுண்ணிய சேதத்தால் வருவது, படியில் இறங்குவது போன்ற வேலைகள் அதை அதிகம் கொண்டுவரும்.

சரி, அப்போது உங்களை 170 சதவீதத்தில் சைக்கிள் மிதிக்கச் சொல்கிறேனா? மாட்டேன். இந்த வகைப் பயிற்சியில் ஒரே ஒரு சூத்திரம் என்று எதுவும் கிடையாது, உண்மையில் இது புதுசும் கிடையாது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாடோபெக் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடி, நடுவில் மெல்ல ஓடி, அப்படியே பழகித்தான் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். அவரோடு ஒப்பிட்டால் நம் ஆப் எல்லாம் பால்வாடி. எழுபது வருடமாக ஓட்டக்காரர்கள் செய்துவந்ததைச் சாதாரண ஆட்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று பார்த்ததுதான் சமீபத்திய வேலை, அதில் மூன்று உங்களுக்குப் பயன்படும்.

ஒன்று கனடாவின் ஹாமில்டன் ஊரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து. மார்ட்டின் கிபாலாவின் குழு முதலில் 30 வினாடி உயிரைக் கொடுத்து மிதி, நாலு நிமிடம் ஓய்வு, இப்படி நாலிலிருந்து ஆறு முறை என்று ஆரம்பித்தது. அது வேலை செய்தது, ஆனால் சாதாரண ஆள் யாரும் விரும்பிச் செய்கிற காரியமில்லை. குறைத்துக் குறைத்து 2016இல் ஒரு கணக்குக்கு வந்தார்கள். இரண்டு நிமிடம் லேசாக மிதி, 20 வினாடி முழுபலத்தோடு, இரண்டு நிமிடம் லேசாக, இப்படி மூன்று முறை 20 வினாடி, கடைசியில் மூன்று நிமிடம் ஆற்றிக்கொள். மொத்தம் பத்து நிமிடம், அதில் கடினமான நேரம் ஒரே ஒரு நிமிடம். உட்கார்ந்தே இருக்கிற ஆண்கள் வாரம் மூன்று முறை, 12 வாரம் செய்தார்கள். இன்னொரு குழு 45 நிமிடம் மிதமாக மிதித்தது. இரண்டு குழுவுக்கும் உச்ச ஆக்சிஜன் திறன் சுமார் 19 சதவீதம் ஏறியது. கவனியுங்கள், இங்கே ஓய்வு 10 வினாடி இல்லை, இரண்டு நிமிடம். முழுபலம் வேண்டுமென்றால் முழு ஓய்வு வேண்டும். உங்கள் ஆப்பின் குறையும் இதுதான், ஓய்வு ரொம்பக் குறைவு என்பதால் ஒவ்வொரு 20 வினாடியிலும் நீங்கள் அடுத்த 20க்காக அடக்கி வாசிக்கிறீர்கள், அதனால் எல்லாமே நடுவாந்தரமாகப் போகிறது.

இரண்டாவது நார்வேயின் ட்ரோன்ட்ஹைமிலிருந்து, 'நாலுக்கு நாலு' என்று பெயர். நாலு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெல்ல, இப்படி நாலு முறை. வேகம் என்றால் உச்ச இதயத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம். இது ஸ்பிரின்ட் இல்லை, ஏற்றத்தில் விறுவிறுவென்று நடந்தாலே பலருக்கு அங்கே வந்துவிடும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். முட்டி உடைகிற வேலை எதுவும் இல்லை, இதயத்துக்குத்தான் முழு வேலையும்.

மூன்றாவது மறுபடியும் ஜப்பான், மட்சுமோட்டோ ஊரின் ஷின்ஷு பல்கலைக்கழகம். ஹிரோஷி நோசே குழுவினர் அறுபதை ஒட்டிய வயதுக்காரர்களை மூன்று நிமிடம் வேகநடை, மூன்று நிமிடம் சாதாரண நடை, ஐந்து சுற்றுக்குக் குறையாமல், வாரம் நாலு நாள், ஐந்து மாதம் நடக்க வைத்தார்கள். ஒரே வேகத்தில் நடந்தவர்களைவிட இவர்களுக்குத் தொடை வலுவும் ஆக்சிஜன் திறனும் கூடின, ரத்த அழுத்தமும் நன்றாக இறங்கியது. காலையில் ரேஸ்கோர்ஸில், பீச்சில், பார்க்கில், பக்கத்து ஆளோடு மாநகராட்சித் தேர்தல் பேசிக்கொண்டே நாலு சுற்று நடக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டு வேகமாக நடங்கள், அடுத்த மூன்று நிமிடத்தில் பேசிக்கொள்ளுங்கள். புதுச் செருப்பு, புது ஆப், புது வாட்ச் எதுவும் வேண்டாம்.

உங்களுக்கு இன்னும் எளிதாக ஒன்று இருக்கிறது. ஒன்பதாவது மாடியில் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், படிக்கட்டைவிட நல்ல ஜிம் கிடையாது. இதையும் மெக்மாஸ்டர்காரர்கள் பார்த்துவிட்டார்கள், 2017இல். உடற்பயிற்சி பழக்கமில்லாத இளம் பெண்கள் 20 வினாடி முடிந்த மட்டும் வேகமாகப் படியேறினார்கள், இடையில் ஆற்றிக்கொண்டார்கள், மூன்று முறை, வாரம் மூன்று நாள், ஆறு வாரம். ஆக்சிஜன் திறன் 12 சதவீதம் ஏறியது. படி ஏறும்போது உங்கள் உடல் எடையே சுமை, குதிக்கிற அதிர்ச்சி இல்லை. ஒரு படி விட்டு ஒரு படி தாண்டவேண்டியதில்லை, ஒவ்வொரு படியிலும் கால் வைத்து வேகமாக, கைப்பிடிக்கு ஒரு கை எட்டுகிற தூரத்தில். இறங்கும்போது நடந்துதான் இறங்க வேண்டும், ஓடக் கூடாது. முட்டி கெடுவதும் கணுக்கால் புரளுவதும் இறங்குகையில்தான். ஈரமாகத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று முதலில் ஒரு முறை மெதுவாக ஏறிப் பார்த்துவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் நான் இதை ஆரம்பித்த வாரம் வாட்ச்மேன் அண்ணன் மூன்றாவது மாடி வரை பின்னாலேயே ஏறி வந்து, "யாராச்சும் துரத்துறாங்களா சார்?" என்று கேட்டார். அவருக்கும் அன்றைக்கு ஒரு இன்டர்வல் ஆயிற்று.

எவ்வளவு கடினமாகச் செய்ய வேண்டும் என்பதற்கு வாட்சை ரொம்ப நம்பாதீர்கள். மணிக்கட்டில் ஒளிவிட்டுத் துடிப்பை அளக்கிற வாட்சுகள் 20 வினாடி வேகத்தைப் பிடிக்காது, நீங்கள் ஓய்வில் நிற்கும்போதுதான் அதில் எண் ஏறிக்கொண்டிருக்கும். 220இலிருந்து வயதைக் கழி என்ற பழைய கணக்கும், வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழி என்ற புதுக் கணக்கும் உங்கள் 41 வயதுக்கு ஒரே விடையைத்தான் தரும், 179. ஆனால் அது சராசரி, தனி ஆளுக்குப் பத்து துடிப்பு முன்னே பின்னே இருப்பது சர்வசாதாரணம். நாலு நிமிட வகைக்கு அந்த 161 முதல் 170 என்ற எண் ஓரளவு வழிகாட்டும், குறுகிய வகைக்கு மூச்சுதான் அளவுகோல். ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதம். மூன்று நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் கடினம். யாராவது பெயரைக் கேட்டால் கையை மட்டும் ஆட்டுவீர்கள் என்றால் அதுதான் உச்சம். பிபிக்கு பீட்டா பிளாக்கர் என்ற, துடிப்பை அடக்கிவைக்கிற மாத்திரை எடுக்கிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அவர்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டு இன்னும் இன்னும் என்று முறுக்குவது ஆபத்து.

இப்போது தொப்பை. இதில் கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். பத்து நிமிடக் கடும் பயிற்சியில் நூறு, மிஞ்சிப்போனால் நூற்றைம்பது கலோரி செலவாகும். சாயங்காலம் ஆபீஸ் கேன்டீனில் இரண்டு மெதுவடை அந்தக் கணக்கை நேர் செய்துவிட்டு மேலேயும் போகும். 'முடித்த பிறகும் 24 மணி நேரம் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும்' என்று ஜிம்மில் சொல்வார்கள். அப்படி ஒன்று இருப்பது உண்மை, ஆனால் அதன் அளவு ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட டீக்கு மேல் பெரிதாக வராது. குறுகிய பயிற்சியையும் நீண்ட மிதமான பயிற்சியையும் வைத்து எடைக் குறைப்பை ஒப்பிட்ட ஆய்வுகளை மொத்தமாகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தொப்பை தட்டில் தீர்மானமாகிற விஷயம். ராத்திரி சோற்றின் அளவு, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், இதையெல்லாம் எழுதாமல் பயிற்சியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதற்கு மேல் நான் சொல்ல முடியாது.

ஆனால் தராசு அசையவில்லை என்பதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு எடை அதிகம் இல்லாமலே சர்க்கரை வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வு 2023இல் சொன்ன எண், இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு, அதற்கு முந்தைய நிலையில் இன்னும் 13 கோடிக்கு மேல். தொடைத் தசைதான் ரத்தத்துச் சர்க்கரைக்கு உடம்பிலேயே பெரிய சேமிப்புக் கிடங்கு. கடுமையாக வேலை வாங்கும்போது கிடங்கு காலியாகிறது, காலியான கிடங்கு அடுத்த நாள் வரைக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, இன்சுலினின் பேச்சையும் நன்றாகக் கேட்கிறது. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் நீங்களாக இருந்தால் தொப்பையைவிட இதற்காகத்தான் படியேறுவேன். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடும் பயிற்சி முடித்த உடனே குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கலாம், அட்ரினலின் வேலை அது, பயப்பட வேண்டாம். பிறகு சில மணி நேரம் கழித்து, சில சமயம் நடு ராத்திரியில், தாழ்சர்க்கரை வரலாம், அதற்குத்தான் எச்சரிக்கை வேண்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பிப்பது அதனால்தான்.

கடைசிக் கேள்வி, இதயம். 41 வயதில் படியேறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, மயக்கம் வருவதுபோல் இருப்பது, இதில் எது இருந்தாலும் இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் சர்க்கரை, பிபி, சிகரெட், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு, இதில் ஏதாவது உண்டு என்றாலும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், ஈசிஜியோ டிரட்மில்லில் நடக்கவிட்டு எடுக்கிற டி.எம்.டி. டெஸ்டோ தேவையா என்று அவர் சொல்வார். இது எதுவுமே இல்லாதவருக்குப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனால் பயப்பட ஒன்றுமில்லை. பழக்கமில்லாத ஆள் திடீரென்று உச்சத்துக்குப் போவதுதான் ஆபத்து. ட்ரோன்ட்ஹைமில் இதயம் பலவீனமான நோயாளிகளையே கண்காணிப்போடு நாலுக்கு நாலு செய்ய வைத்து 2007இல் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். அதே ஊரில் 70 முதல் 77 வயது வரை 1,567 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது. கடும் இன்டர்வல் செய்தவர்கள், மிதமாகச் செய்தவர்கள், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்கள், இவர்களுக்குள் இறப்பு விகிதத்தில் திட்டமான வித்தியாசம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆயுள் கூடும் என்று யாராவது இதை விற்க வந்தால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

அப்புறம் சில நாட்களில் செய்யவே கூடாது. காய்ச்சல் நாளிலும், டெங்குவோ வைரஸ் காய்ச்சலோ வந்துபோன அடுத்த ஒன்றிரண்டு வாரத்திலும் வேண்டாம், இதயத் தசையில் அழற்சி இருந்தால் கடும் பயிற்சி அதை விபரீதமாக்கும். ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் என்று மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிய நாளின் காலையும் வேண்டாம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வேண்டவே வேண்டாம். முடித்தவுடன் சட்டென்று நிற்காதீர்கள், காலில் இறங்கிய ரத்தம் அங்கேயே தங்கித் தலை சுற்றும், இரண்டு மூன்று நிமிடம் நடங்கள். முதல் தடவையே வெறிகொண்டு நூறு பஸ்கி போட்டவர்களில் சிலருக்கு அடுத்த நாள் தொடை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். தசை நொறுங்கி அதன் கழிவு கிட்னியை அடைக்கிற நிலை அது, தண்ணீர் குடித்தால் சரியாகும் என்று வீட்டில் இருக்கக் கூடாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தினமும் குதிப்பதை நிறுத்திவிட்டு வாரத்தில் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், செவ்வாய், வெள்ளி என்று வையுங்கள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. கனோயா மாணவர்கள் வாரம் நாலு நாள் செய்தார்களே என்றால், அவர்களுக்கு இருபது வயசு, ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காக்காரனோடு போன் கால் கிடையாது. முதல் மூன்று வாரம் மூன்று நிமிட வேகநடை, மூன்று நிமிடச் சாதாரண நடை, ஐந்து சுற்று. நாலாவது வாரத்திலிருந்து ஒரு நாளை மட்டும் படிக்கட்டுக்கு மாற்றுங்கள். ஐந்து நிமிடம் கீழே நடந்துவிட்டு, 20 வினாடி ஏற்றம், இறங்கி நடந்து இரண்டு நிமிடம், இப்படி மூன்று. முதல் இரண்டு வாரம் பத்துக்கு ஏழு என்கிற பலத்தில், அப்புறம் எட்டு, அப்புறம்தான் முழுபலம். எட்டாவது வாரம் வாக்கில் மற்ற நாளை நாலுக்கு நாலாக மாற்றலாம். மீதி நாட்களில் சும்மா நடங்கள், இரண்டு நாள் தண்டால், பஸ்கி, கொஞ்சம் எடை தூக்குவது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி அல்லது 75 நிமிடக் கடும் பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைக்கு வலு என்று சொல்கிறது. இன்டர்வல் அதில் ஒரு பகுதியைத்தான் அடைக்கும், மொத்தத்தையும் அடைக்காது.

முன்னேறுகிறீர்களா என்று பார்க்க எடை மெஷினில் ஏற வேண்டாம். இன்றைக்கே உங்கள் ஒன்பது மாடியையும் நிதானமான ஒரே வேகத்தில் ஏறி, மேலே போய்ச் சேர எத்தனை நிமிடம், அப்புறம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச வருவதற்கு எத்தனை வினாடி என்று இரண்டு எண்ணையும் காலண்டரில் குறித்துவையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே வேகத்தில் ஏறி இரண்டாவது எண்ணைப் பாருங்கள்.

ஆப்புக்கு வருடச் சந்தா கட்டியாகிவிட்டது, அதையாவது வீணாக்காமல் இருக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அதில் ஓய்வு நேரத்தை மாற்றிவைக்க வழி இருந்தால் 10 வினாடியை 120 ஆக்கிவிட்டு டைமராகப் பயன்படுத்துங்கள். படிக்கட்டில் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டு ஓட முடியாது, மணியடிக்க ஏதாவது ஒன்று வேண்டும்தான்.